பிலாத்தின் வசனத்தை நீ சொன்ன நாள்

தம்பி,

நாளைக் காலை செங்கல்பட்டில் உன்னை ரயில் ஏற்றிவிட அப்பா வருவார். நான் வரவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நடைமேடையில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு பேச எனக்கு வராது. 'பத்திரமா போ, நேரத்துக்குச் சாப்பிடு' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே வராது. உன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டதும் கையை மட்டும் தூக்கியவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் என்று தெருவே என்னை 'பி.ஏ.' என்று கூப்பிடுகிறது. பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறேன். இருந்தும் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும் என்றால் என்னால் முடிவதில்லை. எழுதுவது மட்டும் வரும். அதனால் எழுதுகிறேன்.

நம் இருவரையும் பஸ்ஸில் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் அக்கா தம்பியா என்று கேட்பார்கள், நீ வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். கல்லூரியின் கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். உட்கார முடியாமல் பாதி நேரம் நின்றுகொண்டே எழுதியதாக ஞாபகம். அந்தப் பிள்ளை இன்று உடற்கல்வி ஆசிரியராக ஒரு விடுதிப் பள்ளிக்குப் போகிறது. அங்கே நீ ஓடு என்றால் ஓடுகிற, நில் என்றால் நிற்கிற பிள்ளைகள் உன் கையில் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எங்கோ தூரத்தில் இருப்பார்கள். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து நீ பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம்தான் எனக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வருடத்தைப் பற்றி நாம் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில் கடல் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் வரும். மாதா கோயிலை ஒட்டிய பள்ளி மைதானம் முழுக்க மணல். அந்த மணலில்தான் நீயும் அகஸ்டினும் கபடி ஆடினீர்கள். நம் வீட்டுக்கு எதிர்வீடு அவன். அவன் பாடிப் போகிறவன், நீ இடது மூலையில் நின்று பிடிக்கிறவன். பாடி வருகிறவன் காலை நீட்டுகிற நேரம் பார்த்துக் குனிந்து கணுக்காலைப் பிடிப்பாய், பிடித்தால் விடமாட்டாய். பி.டி. சார் உங்களை 'பூட்டு, சாவி' என்றுதான் கூப்பிடுவார். "டேய் பூட்டு, சாவி எங்கடா? இன்னும் வூட்ல தூங்கிகினு கீறானா?" என்று அவர் கேட்டை விட்டு இறங்கும்போதே கத்துவது நம் வாசலுக்குக் கேட்கும். அந்த வருடம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கச் செங்கல்பட்டில் தேர்வு வைத்திருந்தார்கள். நம் பள்ளியிலிருந்து ஒருவன் எடுக்கப்பட்டாலே பெரிது என்று சார் சொல்லியிருந்தார். அந்த ஒருவன் அகஸ்டின்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. நீயும் அப்படித்தான் சொன்னாய், சிரித்துக்கொண்டு சொன்னாய்.

தேர்வுக்கு முந்திய வாரம் பயிற்சியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அகஸ்டின் பாடி வந்தான், நீ கணுக்காலைப் பிடித்தாய், அவன் பாடுவதை விட்டுவிட்டான், சார் விசில் ஊதினார், அதே நேரத்தில் அவன் முட்டி திருகிக்கொண்டது. சார் எல்லோரிடமும் சொன்னது இதுதான்: "விசிலும் புடியும் ஒண்ணா விழுந்திச்சி. யார் மேலயும் தப்பு இல்ல." முதலில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற இடத்துக்குத் தூக்கிப் போனார்கள். பச்சிலையும் முட்டையும் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். வீக்கம் வடியவில்லை என்ற பிறகுதான் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. ஜவ்வு கிழிந்திருக்கிறது, நடப்பான், ஆனால் பழையபடி ஓடித் திரும்பி ஆடுவது சந்தேகம் என்றார்கள்.

அகஸ்டினின் அம்மா ரோசி அக்காவை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புருஷன் போன பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்த்துத்தான் அவனை வளர்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் தெருக்குழாயில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நல்லா கீதும்மா உங்க நாயம். எம் புள்ள கால ஒடச்சிட்டா உம் புள்ள தனியா போவலாம்ல? நீதான் பி.ஏ. படிச்சவளாச்சே, நீ சொல்லு. இனிமே என் வாசப்படிய மிதிக்க வேணாம்னு சொல்லி வெய்யி உன் புள்ளய." என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பின்னாலிருந்த பெண்தான் கையை நீட்டி மூடினாள்.

அப்பாவுக்குக் கோபம். கம்பெனி வேன் ஓட்டிக் களைத்து வந்தவர் சட்டையைக் கழற்றாமலே உன்னிடம் உட்கார்ந்தார். "வெளாட்டுல நடக்கறதுதான? நீ இன்னா கத்தியா எடுத்துகினு போன? அந்தம்மா ஆயிரம் பேசும். செலக்சனுக்குப் போடா."

"போவல."

"ஏன்டா?"

"போவலப்பா."

அவ்வளவுதான் நீ சொன்னது. தேர்வு நாள் வந்தது, போனது. அதற்குப் பிறகு நீ மைதானத்துப் பக்கமே போகவில்லை. எல்லோரும் உன்னிடம் கேட்டார்கள், வேணும்னு செஞ்சியா, தெரியாம ஆச்சா என்று. நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்டால் நீ எனக்காக ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், அது சரியான பதிலாக இருக்காது என்று தோன்றியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நீ கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். பக்கத்து வீட்டுக் குழந்தை உன் மேல் தாவி வந்தபோது தூக்காமல் பின்னால் நகர்ந்தாய். அது ஏமாந்து போய் உன்னையே பார்த்தது. விளையாட்டில் தோற்ற பிள்ளையை எனக்குத் தெரியும். இது அது இல்லை என்று அன்று புரிந்தது.

தவக்காலம் வந்தது. நம் ஊரில் பெரிய வெள்ளி அன்று பள்ளிப் பிள்ளைகள்தான் இயேசு பாடுபட்டு இறந்ததைக் காட்டுகிற பாஸ்கா நாடகம் போடுவார்கள் என்பதும், அதை நடத்துவது பி.டி. சார்தான் என்பதும் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வேறு யாருக்கு அத்தனை பிள்ளைகளை ஒரே இடத்தில் நிற்க வைக்கத் தெரியும்? ஒத்திகையையும் அவர் விசில் ஊதித்தான் நிறுத்துவார். "யூதாசு! முத்தம் குடுக்கச் சொன்னா முட்டிகினு வர்ற? சேவகனுங்க லைன்ல நில்லுங்கடா! டேய் பேதுரு, சேவல் கூவறதுக்குள்ள நீ ஏன்டா அழுவற?" அந்த வருடம் ஆண்டவர் வேஷம் அகஸ்டினுக்குப் போனது. வீட்டிலேயே கிடந்ததில் அவன் முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது, உடம்பும் மெலிந்திருந்தது. ரோசி அக்காவும் மகன் அந்த வேஷம் போட்டால் கால் சரியாகும் என்று நேர்ந்துகொண்டிருந்தார். அவனுக்காகச் சவுக்கு மரத்துக்குப் பதில் மெல்லிய பலகையில் உள்ளே காலியாகச் சிலுவை செய்தார்கள். அவன் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்து சார், "நொண்டறது நல்லா கீதுடா, நீ நடிக்கவே வேணாம்" என்றார். கெட்ட மனசு இல்லை அவருக்கு, யோசிக்காமல் பேசிவிடுவார். அகஸ்டினே சிரித்துவிட்டான்.

பிறகு சேவகர்களைப் பிரித்தபோது, கற்றூணில் கட்டி அடிக்கிற சேவகனாக உன்னைக் கூப்பிட்டார். நீ சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாய்.

"வேணாம் சார். நான் கைய ஓங்க மாட்டேன்."

"ஒடம்பப் பாத்துக் குடுத்தேன்டா. ஒட்டடக் குச்சிய சேவகனா போட்டா ஜனம் என்னத்தான் கல்லால அடிக்கும். வா இங்க."

"வேற யாரையாவது போடுங்க சார்."

தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அகஸ்டின் தலையைத் தூக்கவில்லை. "அவனே அடிக்கட்டும் சார்" என்றான்.  நீ போய் வரிசையில் நின்றாய்.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்றால், அந்த வருடம் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்திருந்தது. வழக்கமாகச் செய்கிற கோயில் உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன். சார் வீட்டு வாசலில் வந்து நின்று, "பி.ஏ. கீறாங்கல்ல, அவங்கள வரச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அங்கேதான் எனக்கு நாடகத்தின் சூட்சுமம் எல்லாம் தெரிந்தது. அடிக்கிற கயிறு பருத்திக் கயிறு, பிரித்துப் பஞ்சு மாதிரி ஆக்கி, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தது. அது முதுகில் பட்டால் வலிக்காது, சிவப்பாகக் கோடு மட்டும் விழும். அடி விழுகிற சத்தம் என் பக்கத்திலிருந்து வரும். ஒரு பையன் ஈரச் சாக்கை மடித்துத் தரையில் ஓங்கி அறைவான். சேவகனின் கை இறங்குவதைப் பார்த்து அவன் அறைய வேண்டும், அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி சேவகன் அடுத்த அடிக்குக் கையைத் தூக்க வேண்டும். தீர்ப்புச் சொல்கிற அதிகாரி பிலாத்து "போதும், நிறுத்துங்கள்!" என்று சொன்னதும் இருவரும் நிறுத்த வேண்டும்.

உன் கை இறங்கவே இல்லை. தோள் உயரம் வரைக்கும் போகும், அங்கிருந்து ஈ ஓட்டுவது போலக் கீழே விழும். சாக்கு மட்டும் 'தொம்'மென்று கேட்கும். வேடிக்கை பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சார் விசில் ஊதி ஊதி அலுத்துப்போனார். "டேய், ஆண்டவருக்கு விசிறி வுடறியா? புழுக்கமா கீதாமா அவருக்கு?" நீயும் சிரிப்பாய், கண் மட்டும் சிரிக்காது. அந்த ஒத்திகை நாட்களில் நீயும் அகஸ்டினும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாடகம் முடிந்ததும் சேவகர்களாக நடித்தவர்கள் எல்லோரும் ஆண்டவர் வேஷம் போட்டவன் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் நின்று, "அடிச்சது நாங்க, மன்னிச்சிக்குங்க" என்று அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் "குடிங்க" என்று கஞ்சி ஊற்றித் தருவார். அதைக் குடித்துவிட்டுத்தான் அன்றைய ஒருசந்தி விரதத்தை முடிக்க வேண்டும். நம் ஊரில் இது எப்போதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் தவறியதில்லை. உனக்கு அந்த வாசற்படி மறுக்கப்பட்டிருந்தது. ரோசி அக்கா உனக்குக் கஞ்சி ஊற்றுவாரா, ஊற்றாமல் ஊர் முன்னால் உன்னைத் திருப்பி அனுப்புவாரா என்று தெரு இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தது. நான் வேறு மாதிரி பயந்தேன். அவர் பழக்கத்துக்காக ஊற்றிவிடுவார், நீயும் பழக்கத்துக்காகக் குடித்துவிடுவாய், ஊரும் முடிந்தது என்று போய்விடும், உன் கைகள் மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது சொல்லப்போவதை நான் கேட்டேன் என்பது உனக்கு இன்று வரை தெரியாது. பெரிய வியாழன் மதியம் கடைசி ஒத்திகை முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் படுதாவுக்குப் பின்னால் மறுநாளைக்கு வசனத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். படுதாவுக்கு அந்தப் பக்கம், மேடை விளிம்பில் நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தீர்கள். நான் இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. எழுந்து போகலாம் என்று நினைத்தேன், எழுந்தால் பெஞ்சு சத்தம் போடும்.

அகஸ்டின்தான் பேசினான். "சாரு ஊதனது உனக்குக் கேட்டுச்சா?"

 "கேட்டுச்சி" என்றாய் நீ.

"நான் ஊதிட்டாருன்னுதான் கால லூசா வுட்டேன்."

"தெரியும்."

"அப்பறம் ஏன்டா வுடல?"

"வுடக் கூடாதுன்னு இருந்திச்சி. ஒரு இழுப்பு இழுத்துட்டு வுடலாம்னு. நீ போயிடுவ, நான் இங்கியே கெடப்பேன்னு... தெரில மச்சான். கை வுடல."

காற்றில் படுதா என் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டு விலகியது. அகஸ்டின் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அவன் எழுந்திருப்பதற்கு அப்போதெல்லாம் நேரம் ஆகும், தெரியுமல்லவா. எழுந்து நின்று சொன்னான்: "நாளைக்கு விசிறி வுட்டுகினு நிக்காத. ஜனம் சிரிக்கும். அம்மா நேந்துகினு கீது." அவ்வளவுதான். விந்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், நானும் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா நம் இருவரையும் பார்த்து, "இன்னாத்துக்குடா அம்மாவும் புள்ளயும் ஒரே மாதிரி கீறீங்க?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் திருச்சிலுவை வழிபாடு முடிந்து மைதானம் நிறைந்துவிட்டது. நாடகம் பார்க்க வந்தவர்களைவிட, அகஸ்டின் முன்னால் நீ எப்படி நிற்கிறாய் என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அகஸ்டினைக் கற்றூணில் கட்டினார்கள். நீ கயிற்றை எடுத்தாய். கை மேலே போனது, முழுதாகப் போனது, தலைக்கு மேல் போய் நின்று இறங்கியது. என் பக்கத்துப் பையன் சாக்கை அறைந்தான். பெண்கள் பக்கமிருந்து ஒரே சத்தமாக "ஆண்டவரே" என்று எழுந்தது. உன் கையில் அத்தனை பலமும் தெரிந்தது, கயிறு மட்டும் முதுகில் இலை விழுவது மாதிரி விழுந்தது. ஓங்கிய கையைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடக்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பக்கவாட்டிலிருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.  முன்வரிசையில் ரோசி அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

பிலாத்தாக நின்ற நவீன் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவன் சொல்லவில்லை. கூட்டத்தில் அவன் பெரியப்பா போனைத் தூக்கிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்து நின்றான். நான் எடுத்துக் கொடுத்தேன். என் குரல் சாக்குச் சத்தத்தைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், வெறும் காற்றுதான் வந்தது. சாக்குப் பையன் உன் கையைப் பார்த்துக்கொண்டே அறைந்தான், நீ சாக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினாய். நிறுத்துவதற்கு ஆளே இல்லை. அகஸ்டின் முதுகு முழுக்கச் சிவப்பு வழிந்தது. பிலாத்து அங்கியில் வேறொருவன் இருந்திருந்தால் முடிந்திருக்கும். பெரிய குரு வேஷத்து அங்கி போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற சார் பழக்கத்தில் கழுத்தைத் தடவினார், விசில் இல்லை. அப்போதுதான் அகஸ்டினின் கெட்ட முட்டி ஆடத் தொடங்கியதைப் பார்த்தேன். வேஷத்துக்காக ஆடவில்லை, நிஜமாக ஆடியது. இன்னும் கொஞ்சம் நின்றால் கட்டிய கயிற்றிலேயே தொங்கிவிடுவான். கூட்டத்துக்கு அது தெரியாது. நீ பார்த்தாய். தூக்கிய கையைத் தூக்கியபடியே நிறுத்தினாய். கயிற்றைக் கீழே போட்டாய். நீ "போதும்" என்றாய்.

அந்த நாடகத்தில் சேவகனுக்கு வசனமே கிடையாது.  "டேய், அது பிலாத்து வசனம்டா" என்று சார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. நவீன் அப்போதுதான் விழித்துக்கொண்டு, "ஆங்... போதும், நிறுத்துங்கள்!" என்றான். ஏதோ அதிகாரியே சேவகன் சொன்னதற்குத் தலையாட்டியது போல இருந்தது. ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் நாடகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ போய் அகஸ்டின் அக்குளில் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாய். நான் வசனத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வரி எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேயே முடிந்திருந்தாலும் நான் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் அது மேடை. மேடையில் நல்லவனாக நடந்துகொள்வது கஷ்டம்தான், என்றாலும் அங்கே சிவப்பு கழுவினால் போய்விடும். வேஷம் கலைத்துக் கை கால் கழுவி, சேவகர்கள் வரிசையாக ரோசி அக்கா வாசலுக்குப் போனீர்கள். நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவனும் "அடிச்சது நாங்க, மன்னிச்சிக்குங்க" என்றான், ஒவ்வொருவனுக்கும் "குடிங்க" என்று கஞ்சி ஊற்றினார். நீ கடைசி. உன் முறை வந்ததும் ரோசி அக்கா உன் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினார். நீ வாங்கவில்லை.

"அத்த, நான் சொல்றது நாடகத்துக்கு இல்ல. அன்னிக்கி சாரு விசிலு எனக்குக் கேட்டுச்சி. கேட்டும் வுடல. ஒரு இழுப்பு இழுத்துட்டேன். அவன் போயிடுவான்னு மனசுல இருந்திச்சி."

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரோசி அக்காவின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. அவர் அதை உன் முகத்தில் ஊற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஊற்றியிருந்தாலும் தப்பு சொல்ல முடியாது. அவர் மெதுவாகத்தான் பேசினார். "இன்னிக்கி பெரிய வெள்ளி. இன்னிக்கி நான் யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாது. இந்தா, குடி. ஞாயித்துக் கெழம பூச முடிஞ்சி வா."

நீ குடித்தாய். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாய். சனிக்கிழமை முழுக்க அப்பா உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், "போவாதடா. அதான் சொல்லிட்ட இல்ல, முடிஞ்சிபோச்சி. அந்தம்மா வாயி தெரியும்ல? பண்டிக நாளும் அதுவுமா தெருவே கூடும். ஒரு வாரம் போவட்டும், ஆறிடும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் புதுச் சட்டையை மட்டும் தேய்த்து மாட்டினேன்.

தம்பி, நீ போகிற இடத்தில் உன் கையிலும் தப்பு நடக்கும். கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, ஒரு நொடி போதும் என்று உனக்கே தெரியும். ஒரு பிள்ளையை அதிகமாக ஓட வைத்துவிடுவாய், வலிக்கிறது என்று சொன்னவனை நம்பாமல் போவாய், திறமை இருக்கிறவன் மேல் ஒரு பொறாமை வரும், ஆசிரியருக்கும் வரும். அப்போது உன்னைக் காப்பாற்ற நிறையப் பேர் வருவார்கள், பி.டி. சார் மாதிரி நல்ல மனசோடு வருவார்கள், யார் மேலும் தப்பு இல்லை என்பார்கள். அதை வாங்கிக்கொள்ளாதே. யாருக்கு அடிபட்டதோ அவர்களிடம், அவர்கள் வாசலில், நீயே போய்ச் சொல். சொல்லிவிட்டேன் என்பதோடு வேலை முடிந்ததாகவும் நினைத்துக்கொள்ளாதே. நாம் சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம்தான். அவர்கள் சொல்வதற்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்பதுதான் கஷ்டம். அகஸ்டின் அதற்குப் பிறகு கபடி ஆடவில்லை. வாரா வாரம் நீ அவனைப் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி எடுக்க வைத்துக் கூட்டிவந்தாய், இப்போது நன்றாக நடக்கிறான், ஓடினால் வலிக்கிறது என்கிறான். போனது போனதுதான், அதை நீயும் மறக்கவில்லை, அவனும் மறந்த மாதிரி நடிக்கவில்லை. ஆனாலும் இன்று சாயங்காலம் உன் பெட்டியை இழுத்துக் கட்டியது அவன்தான். அது எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு அந்த ஈஸ்டர் ஞாயிறுதான் நினைவுக்கு வருகிறது.

பூசை முடிந்து எல்லோர் வீட்டிலும் பிரியாணி வாசனை. நீ தெருவைக் கடந்து போய் ரோசி அக்கா வாசற்படிக்குக் கீழே நின்றாய். அவர் வெளியே வந்து தொடங்கினார். "வந்துட்டியா? வா. ஊரான் பெட்ஷீட்டத் தோச்சித் தோச்சி வளத்த புள்ளடா அது. அது ஓடறத வாசல்ல நின்னு பாப்பேன்டா நானு, வேலைக்கி நேரமாச்சின்னாலும் நின்னு பாப்பேன். கேட்டுச்சாம்ல? கேட்டும் இழுத்தியா நீ? எங்க வூட்ல எத்தினி நாளு சோறு துன்னுகீற? அப்ப உனுக்கு இது தோணலியா?" குரல் ஏற ஏற ஜனங்கள் வாசல் வாசலாக வந்து நின்றார்கள். "வுடு ரோசி, பண்டிக நாளு" என்றார் ஒருவர். "நீ மூடிகினு போ, உன் புள்ள காலா போச்சி?" என்றார் ரோசி அக்கா. இன்னொருவர் உன் தோளைத் தொட்டு, "நீ போ தம்பி, அப்பறம் பேசிக்கலாம்" என்று உன்னைத் திருப்பப் பார்த்தார். நீ திரும்பவில்லை. அப்பா நம் வீட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், போய் அவனைக் கூட்டிவா என்று. நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் வாய் வராததற்காக நான் வருத்தப்படாத ஒரே நாள் அதுதான். அவர் அழுதார், மறுபடி திட்டினார், செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டு அழுதார், மறுபடி உன்னிடம் வந்தார். நீ தலையைக் குனியவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாய். வெயில் ஏறிவிட்டது, உன் புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

கடைசியில் அவர் குரல் கம்மிப்போய் வெறும் மூச்சு மட்டும் வந்தது. படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவில் சாய்ந்து நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். "அகஸு, இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? எவ்ளோ நேரமா நிக்கிறான். அவனுக்கு ஒரு சேர எடுத்துப் போடு."

நீ படியேறி உட்கார்ந்த பிறகுதான் நான் வீட்டுக்குள் போனேன்.

உன் அம்மா